நூல்கோல் வேறு, டர்னிப் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் காய்கறி விலைப்பட்டியலில் நூல்கோல் ஒருநாள் ‘நூக்கல்’ என்றும் மறுநாள் ‘டர்னிப்’ என்றும் வருகிறது. நூக்கல் பேச்சுவழக்கு, அதில் பிழையில்லை. டர்னிப் என்று போடுவது தவறு.

டச்சு மொழியில் ‘க்னொல்’ என்றால் கிழங்குபோல் திரண்டது, ‘கோல்’ என்றால் கோஸ். இரண்டும் சேர்ந்த பெயர்தான் நம் வாயில் நூல்கோல் ஆனது. நூலுக்கும் கோலுக்கும் இதில் வேலையில்லை. தூத்துக்குடியில் 1658 வரை போர்த்துகீசியரும் பிறகு டச்சுக்காரரும் இருந்தார்கள் என்பதை நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் முட்டைக்கோஸைக் ‘கோவா’ என்பது போர்த்துகீசியக் ‘கோவெ’யிலிருந்து வந்தது. கோவெ, கோல் இரண்டுக்கும் மூலம் லத்தீனின் ‘காவ்லிஸ்’, பொருள், தண்டு.

அந்தப் பொருளிலேயே அடையாளமும் இருக்கிறது. நூல்கோல், மண்ணுக்கு மேலே பருத்த தண்டு. அதனால் காயைச் சுற்றிலும் இலைக்காம்பு உதிர்ந்த தழும்புகள் தெரியும். டர்னிப் வேர்க்கிழங்கு. இலை உச்சியில் மட்டும், அடியில் வால்போல் வேர், பக்கங்களில் தழும்பு இராது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் மூன்றும் தாவரவியலில் ஒரே இனம். டர்னிப் அதில் சேராது.

பெயர் மாறினால் நஷ்டம் விதை வாங்குகிறவருக்கு. இரண்டு விதையும் கடுகுபோல் உருண்டையாக இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. நூல்கோலை நாற்றுவிட்டு நான்கு வாரத்தில் பிடுங்கி, வரிசைக்கு ஒரு அடி, செடிக்கு முக்கால் அடி விட்டு நடலாம். டர்னிப்பை அப்படிப் பிடுங்கி நட்டால் வேர் கிளைத்துக் கிழங்கு திரளாது. நிலத்திலேயே நேரடியாக விதைக்க வேண்டும். நூல்கோலுக்கு மண் அணைக்கும்போது பருத்த பகுதியை மூடக் கூடாது, மூடினால் அழுகும். நம் பக்கத்து வெயிலில் முற்றவிட்டால் அடியிலிருந்து நார் ஏறும். காய் 6 செ.மீ. குறுக்களவு வந்ததும் அறுத்துவிடுவது நல்லது. சமைக்கிறவர்கள் அடிப்பக்கத் தோலைக் கனமாகச் சீவ வேண்டும். அதிகம் வேகவைத்தால் கந்தக வாடை எழும். பருப்பு வெந்தபின் காயைப் போட்டால் போதும். இளம் இலையைக் கீரைபோல் பொரிக்கலாம், வீசிவிட வேண்டாம்.

விலைப்பட்டியலில் நூல்கோலுக்கும் டர்னிப்புக்கும் தனித்தனி வரி ஒதுக்குங்கள். அன்று வரத்து இல்லாத காய்க்கு நேரே கோடு போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
காய்கறி விதை வியாபாரிகள்,
பாளையங்கோட்டை.