வேலைக்குப் போனால் ஆட்டம் முடிந்துவிடுமா?

அன்பு மகன் முத்துவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் காலில் வீக்கம் வற்றிவிட்டதா?

நேற்று ராத்திரி நீ போனில் பேசியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. "டீம் லிஸ்ட்ல பேர் இல்லப்பா. பேசாம ரயில்வே வேலைக்குப் போயிரட்டுமா?" என்றாய். "சரிய்யா, காலையில பேசுவோம்" என்று வைத்துவிட்டேன். காலையில் போனை எடுத்தால் பேச்சு வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ வேலைக்குப் போவது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ கேட்ட விதம் சரியில்லை. ஹாக்கி ஸ்டிக்கைப் பரணில் போட்டுவிட்டு வருகிறவன் மாதிரி கேட்டாய்.

இந்திய ஹாக்கி அணியில் ஆடிய தன்ராஜ் பிள்ளை கதையைச் சொல்லிச் சொல்லி உன் காதைப் புண்ணாக்கியவன் நான். ஆனால் எப்போதும் கோலையும் ஓட்டத்தையும்தானே சொல்லியிருக்கிறேன். நடுவில் இருப்பதைச் சொன்னதில்லை. அவர் பிறந்து வளர்ந்தது புனே பக்கம் கட்கியில், ஆர்டனன்ஸ் ஃபேக்டரி என்கிற ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில். தமிழ்க் குடும்பம். அப்பா மைதானத்தைப் பராமரிக்கிற வேலை. வீட்டில் காசு இல்லை, உடைந்த ஸ்டிக்கைக் கயிற்றால் கட்டி ஆடினார்கள். அண்ணன் ரமேஷ் தேசிய முகாமுக்குப் போனபோது கொடுத்த பழைய ஸ்டிக்தான் தன்ராஜ் கையில் கிடைத்த முதல் உருப்படியான ஸ்டிக்.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பில் உனக்கு வாங்கித் தந்தேனே "புது" ஸ்டிக், அது புதுசு இல்லை. காலேஜ் பையன் ஒருவனிடம் இருநூறு ரூபாய்க்கு வாங்கியது. கழுத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். நூலை நெருக்கமாகச் சுற்றி, ஃபெவிகால் தடவி, ரெண்டு நாள் மாடியில் காயவைத்து, மேலே கறுப்பு டேப் ஒட்டி உன்னிடம் கொடுத்தேன். "ஏம்ப்பா இங்க மட்டும் தடியா இருக்கு?" என்று கேட்டாய். "நல்ல ஸ்டிக் அப்படித்தான் இருக்கும்" என்றேன். அம்மா அடுப்பு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தன்ராஜ் கட்கியிலிருந்து நேரே இந்திய அணிக்குப் போய்விடவில்லை. மும்பைக்குப் போனார். அண்ணன் அங்கே ஆர்.சி.எஃப். உரக் கம்பெனி அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அப்புறம் தன்ராஜுக்கு மகிந்திரா கம்பெனி அணியில் இடம் கிடைத்தது. சம்பளம், தினமும் பயிற்சி, கூட ஆட நல்ல ஆட்கள். அதற்குப் பிறகுதான் 1989-ல் இந்தியச் சட்டை. அப்போது அவருக்கு 21 வயது. உனக்கு இன்னும் 20 முடியவில்லை. பின்னாளில் இந்தியன் ஏர்லைன்ஸில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாட்டுக்கு ஆடினார். நம் நாட்டில் ஹாக்கிக்காரன் பிழைப்பு இதுதானய்யா. ரயில்வே, பெட்ரோல் கம்பெனி, பட்டாளம், போலீஸ் என்று ஏதாவது ஒரு அணி சோறு போடும். அந்த அணிக்கு ஆடுகிறவனைத்தான் தேர்வாளர் வந்து பார்ப்பார்.

லிஸ்டில் பேர் இல்லாமல் போவதும் அவருக்குத் தெரியும். 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர்தான் கேப்டன். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவோடு 1-1. பிறகு பெனால்ட்டியில் நம் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் தடுத்துக் கொடுக்க, 32 வருஷத்துக்கு அப்புறம் தங்கம். ஊரே கொண்டாடியது. சில மாதத்திலேயே அடுத்த அணியில் தன்ராஜ் இல்லை, கூட ஆடிய மூத்தவர்கள் பலரும் இல்லை. "ஓய்வு" என்று பேர் வைத்தார்கள். எனக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் அவர் திரும்பி வந்தார், 2000-ல் சிட்னி ஒலிம்பிக்குக்குப் போனார்.

அந்தப் போலந்து ஆட்டத்தை நான் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை டிவியில் பார்த்தேன். ஜெயித்தால் அரையிறுதி. நாம் 1-0 முன்னாலே. முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை, போலந்துக்காரன் அடித்துவிட்டான். 1-1, அரையிறுதி போச்சு. கடைக்காரர் பாய்லருக்குப் பக்கத்தில் கிளாஸைப் பிடித்தபடியே நின்றார், டீ வழிந்தது தெரியவில்லை. தன்ராஜ் அழுதார். நானும் வீட்டுக்குப் போய் அழுதேன், அது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அதற்கப்புறமும் நாலு வருஷம் ஆடினார். ஒலிம்பிக் நாலு, உலகக் கோப்பை நாலு, ஆசிய விளையாட்டு நாலு, முந்நூறுக்கும் மேலே ஆட்டம். ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை.

"அந்தக் காலம் வேறப்பா" என்பாய். வேறுதான். அவர்கள் 35 நிமிஷம் 35 நிமிஷமாக ஆடினார்கள். உங்களுக்கு 15 நிமிஷக் குவார்ட்டர் நாலு, உள்ளே வெளியே என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், முதுகில் ஒரு பெட்டியைக் கட்டி எவ்வளவு ஓடினாய் என்று கணக்கு எடுக்கிறார்கள். அதில் எனக்குப் பாதி புரியாது. ஆனால் மாரீஸ்வரனும் கார்த்தியும் நம் கோவில்பட்டி டர்ஃபில், அந்தச் செயற்கைப் புல் மைதானத்தில் ஓடியவர்கள்தான். 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோடு வந்தார்கள். அன்றைக்கு நீ பஸ் ஸ்டாண்டில் பட்டாசு வெடித்து விரலைச் சுட்டுக்கொண்டாய்.

ரயில்வேயில் சேர். ஆனால் சேரும்போதே அங்கே பயிற்சி எத்தனை மணிக்கு, எந்த டர்ஃபில் என்று முதலில் கேள். சம்பளத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். வீட்டுக்குப் பணம் அனுப்புவதைப் பற்றி இந்த வருஷம் யோசிக்கவே வேண்டாம். தீப்பெட்டி ஆபீஸ் இன்னும் ஓடுகிறது.

சேருவதற்குப் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் அசல் கேட்பார்களாம். அது அம்மா பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. ரிஜிஸ்டர் தபாலில் போடவா, நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா? வருவதாக இருந்தால் முதல் நாளே சொல். அம்மா கறி எடுக்கச் சொல்வாள், ஞாயிற்றுக்கிழமை தவிர நல்ல கறி கிடைப்பதில்லை.

அன்புடன்,
அப்பா