வலிக்காத புண்: டர்பன் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு மடல்

டர்பன் வட்டாரக் கோயில் பெரியவர்களுக்கு வணக்கம்.

ஆடி வந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். காட்டேரிக்கும் மதுரை வீரனுக்கும் கிடா வெட்டும் குடும்பங்களும் நம்மில் நிறைய. வழிபாட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த ஆட்டை உரிக்கும் கைகளை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். வடக்கே பண்ணைப் பகுதியில் ஒரு கிளினிக்கில் இருந்தபோது, முன்கையில் புண்ணோடு ஒருவர் வந்தார். முதலில் பூச்சிக்கடி போல அரித்ததாம், பிறகு கொப்புளமாம். நான் பார்த்தபோது நடுவில் கரித்துண்டைப் பதித்தது போலக் கறுத்த பொருக்கு. சுற்றிலும் கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது. அழுத்திப் பார்த்தேன், வலியே இல்லை என்றார். வலிக்காததால்தான் நாலு நாள் வராமல் இருந்திருக்கிறார். முந்தின வாரம், தானாகச் செத்துக் கிடந்த மாட்டை உரித்தாராம்.

ஆந்த்ராக்ஸ். ஊரில் மாட்டுக்கு வந்தால் அடைப்பான் என்பார்களே, அதுதான். மனிதருக்கு வருவதில் நூற்றுக்கு 95க்கு மேல் இப்படித் தோலில்தான் வரும். அவர் பென்சிலினில் தேறினார். கவனிக்காமல் விட்டால் ஐந்தில் ஒருவர் வரை சாகலாம். கிருமி கறி வழியே வயிற்றுக்குள் போனால் காய்ச்சல், வாந்தி, ரத்தபேதி. மூச்சோடு போனால் முதலில் சாதாரணச் சளிக்காய்ச்சல் மாதிரி இருந்து, பிறகு திடீரென்று மூச்சுத் திணறும். அப்போது மருத்துவமனையில் சேர்த்தாலும் பலர் பிழைப்பதில்லை. 2006இல் நியூயார்க்கில் மேளம் கட்டப் பச்சை ஆட்டுத்தோலைச் சுரண்டிய கலைஞர் ஒருவருக்கு அப்படித்தான் வந்தது, நல்லவேளை பிழைத்தார். நம் கோயில் மேளக்காரர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

க்ரூகர் வனவிலங்குப் பூங்காப் பக்கமும் வட கேப் மாநிலத்திலும்தான் இது மண்ணில் ஊறிக் கிடக்கிறது, டர்பனில் அபூர்வம். ஆனால் ஆடு லாரி ஏறி வருகிறதே! உலகமே போடும் கால்நடைத் தடுப்பூசியை 1930களில் மாக்ஸ் ஸ்டெர்ன் உருவாக்கியது இங்கேதான், பிரிட்டோரியா அருகே ஒண்டர்ஸ்டீபோர்ட் கால்நடை ஆய்வுக்கூடத்தில். அப்படியும் நோய் முழுதாகப் போகவில்லை.

ஆடு வாங்கும்போது, அந்தப் பண்ணையில் திடீர்ச் சாவு உண்டா என்று கேளுங்கள். மூக்கிலும் வாயிலும் உறையாத ரத்தம் வடிந்து செத்த ஆட்டில் கத்தியே வைக்காதீர்கள். அறுத்துக் காற்றுப்பட்டால் கிருமி கெட்டி ஓடு போர்த்திய வித்தாக (ஸ்போர்) மாறும். அந்த வித்து பல பத்தாண்டு மண்ணில் கிடக்கும், கொதிக்கிற குழம்பிலும் சாகும் என்று நம்ப முடியாது. அரசுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கிடா உரித்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் கையில் அரிப்போ கொப்புளமோ கண்டால், அன்றே கிளினிக்குக்கு அனுப்புங்கள். நகரத்து டாக்டர்கள் பலர் இந்தப் புண்ணைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். "ஆடு உரித்தேன்" என்பதை முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.