ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: வெள்ளிக்கிழமை பாட்காஸ்ட் வகுப்பு பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற வாரம் ஒரு தந்தை என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பிள்ளையைப் படிக்க அனுப்பினால் இங்கே அரசியல் கேட்கவைக்கிறீர்களாமே" என்றார். அவருக்கு நேரில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இதே கேள்வி தாராவியின் பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்திருக்கிறது என்று பிள்ளைகள் மூலம் தெரிகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். சற்று நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். வாசிக்க நேரமில்லாதவர்கள் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் ஒரு பாட்காஸ்ட்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் குடிமையியல் பாடத்தைப் புத்தகத்தோடு சேர்த்துக் காதாலும் நடத்துகிறோம். ஆட்சி எப்படி நடக்கிறது, தேர்தல் எப்படி நடக்கிறது, குடியுரிமை என்றால் என்ன என்று பேசும் ஒலிப்பதிவுகளை இருபது நிமிடம் கேட்போம், மீதி நேரம் அதைப் பற்றிச் சண்டை போடுவோம். இணையம் வழியாகப் போனில் கேட்கும் இத்தகைய ஒலிப்பதிவுதான் பாட்காஸ்ட். தமிழில் இதற்கு வலையொலி என்ற சொல் இருக்கிறது. அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஒரு மாணவன் நோட்டில் 'வளையொலி' என்று எழுதிவைத்து, வளையல் சத்தத்துக்கும் சட்டமன்றத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டான். அன்றிலிருந்து வகுப்புக்கு அதுவே பெயராகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏன் காதால் கேட்கவைக்க வேண்டும்? நம் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் போனில், அண்ணன் போனில், பக்கத்து வீட்டு அக்கா போனில். பண்பலை வானொலியில் தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்ல முடியாது. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் ஒலிபரப்ப மட்டும்தான் அனுமதி. சமுதாய வானொலிக்கும் அப்படியே. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் தொடங்கிய அண்ணா எஃப்எம் நம் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. அதற்குக்கூட உரிமம் வேண்டியிருந்தது. பாட்காஸ்ட் என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததும் அதே 2004இல்தான். அதற்கு உரிமமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஒரு போன் போதும். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்தி மாதிரி பேசலாம். அந்தக் குரல் யாருடையது, அதற்குக் காசு யார் தருகிறார்கள் என்று கேட்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வர வேண்டும் என்பதுதான் என் ஒரே நோக்கம்.

இந்தப் பழக்கத்தை அரசியல் பேச்சிலிருந்து தொடங்கினால் நீங்கள் அடிக்க வருவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆகவே சுற்றுலா விளம்பரத்திலிருந்து தொடங்கினேன்.

ஊர் சுற்றிக் காட்டும் பயண பாட்காஸ்ட்கள் நிறைய இருக்கின்றன. பேசுகிறவர் நண்பர்போலப் பேசுவார், நடுவில் ஒரு ஓட்டலைப் புகழ்வார், பிறகு மலையைப் பற்றித் தொடர்வார். ஓட்டலைப் பற்றிச் சொன்னபோது அவர் நண்பராகப் பேசினாரா, கூலிக்குப் பேசினாரா? காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அதைக் கேட்பவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் நெறிமுறை வகுத்திருக்கிறது. ஏமாற்று விளம்பரத்தைத் தண்டிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு ஒரு பதிவைப் போட்டேன். பேச்சு எந்த இடத்தில் விளம்பரமாக மாறுகிறதோ அங்கே கை தூக்குங்கள் என்றேன். முதல் முறை பாதிப் பேர் தூக்கவேயில்லை. மூன்றாவது வாரம் நான் தவறவிட்ட இடத்தில்கூடத் தூக்கினார்கள்.

அரசுகளும் ஊரை விற்கின்றன. 'இன்கிரெடிபிள் இந்தியா' 2002இல் வந்தது, கேரளத்தின் 'கடவுளின் சொந்த நாடு' அதற்கும் மூத்தது. தமிழ்நாட்டுச் சுற்றுலா விளம்பரங்களைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி சொன்னதை நீங்கள் ரசிப்பீர்கள். விளம்பரத்தில் குற்றாலத்தில் எப்போதும் தண்ணீர் கொட்டுகிறதாம், மே விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அவள் பார்ப்பது பாறையைத்தானாம். சாரல் ஜூனில்தான் தொடங்கும், அப்போது நாம் இங்கே பள்ளி திறந்துவிடுகிறோம். பாவம், அந்தப் பிள்ளை இதுவரை குற்றாலத்தில் நனைந்ததே இல்லை.

அதன்பிறகு அவர்களையே செய்யச் சொன்னேன். மூன்று குழுக்கள்.

முதல் குழுப் பையன்கள் நம் பகுதிக்கு ஒரு சுற்றுலாப் பதிவு செய்தார்கள். நான்கு நிமிடம். விடியுமுன் கிளம்பும் இட்லிக்காரர்களின் சைக்கிள் மணி, கும்பார்வாடாவில் பானை தட்டும் சத்தம், தோல் பட்டறைத் தையல் இயந்திரம், 90 அடி சாலையின் ஹாரன் எல்லாம் அதில் இருந்தன. சத்தங்கள் அருமை. பேச்சுதான் சகிக்கவில்லை. 'மும்பையின் இதயத் துடிப்பு', 'உழைப்பின் கோயில்' என்று எங்கிருந்தோ பொறுக்கிய சொற்கள். கேட்டு முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. "இட்லி விற்கப் போகும் என் மாமா அதற்கு முன்னால் கழிவறை வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று இதில் ஏன் இல்லை?" என்று கேட்டாள். "விளம்பரத்தில் வரிசையைக் காட்டுவார்களா?" என்றான் ஒருவன். "அப்படியானால் அது நம் தெரு இல்லை, வேறு யாருடைய தெருவோ" என்றாள் அவள். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அந்த நிமிடத்தில் நான் செய்ய வேண்டியது எதுவும் இருக்கவில்லை, பேசாமல் நின்றேன்.

நம் சந்துகளில் வெளிநாட்டுக்காரர்களை வரிசையாக நடத்திக் கூட்டிப்போகும் சுற்றுலாக்களை நீங்கள் அறிவீர்கள். இருபது ஆண்டுகளாக நடக்கிறது. படம் எடுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கும் வழிகாட்டிகளும் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே தெரு, இரண்டு மணி நேரம் பார்க்க வருகிறவரிடம் ஒரு விதமாகவும் அதிலேயே பிறந்து வளர்கிறவரிடம் இன்னொரு விதமாகவும் பேசப்படுகிறது. தேர்தல் மேடையில் நம்மிடம் சொல்லப்படுவது மூன்றாவது விதம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பிள்ளைக்கு அரசியல் தானாகப் புரியத் தொடங்கும். எந்தக் கட்சியின் பெயரையும் நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது குழு, மூன்று பெண்கள், பொதுக் கழிவறையில் எரியாத விளக்கை எடுத்துக்கொண்டார்கள். இரவில் போகப் பயமாக இருக்கிறது என்பது அவர்கள் வீட்டுப் பிரச்சினை, யாரும் பாடமாகக் கொடுக்கவில்லை. ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். கட்டியது நாங்கள் இல்லை என்றார்கள். இன்னொரு அலுவலகத்துக்குப் போனார்கள். கட்டியது நாங்கள்தான், ஆனால் பராமரிப்பு எங்களுடையது இல்லை என்றார்கள். ஏழு நிமிடப் பதிவில் நாற்காலி இழுக்கும் சத்தம் மட்டும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சிரித்தோம். பிறகு சிரிப்பு அடங்கி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுத உட்கார்ந்தார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் 10 ரூபாய், பதில் தர வேண்டிய காலம் 30 நாள். நாடு முழுவதற்கும் அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2002இல், மகாராஷ்டிரம் தனக்கென்று ஒன்று இயற்றியிருந்தது என்பதைச் சொன்னபோது அவர்களுக்கு ஏனோ பெருமை. ஒரு மாணவியின் அம்மா கையெழுத்திட்டு மனு போயிருக்கிறது. இந்த மழையில் சாக்கடை அடைத்தால் மாநகராட்சியின் 1916 எண்ணுக்கு எப்படிப் புகார் சொல்வது, புகார் எண்ணை ஏன் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இந்தப் பெண்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2005 ஜூலை 26 வெள்ளம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். அவர்களுக்கு அது பாட்டி சொல்லும் கதை.

மூன்றாவது குழு 'நம் நகர்சேவக் யார்?', அதாவது நம் வார்டின் மாநகராட்சி உறுப்பினர் யார் என்று கிளம்பியது. இதைத்தான் அந்தத் தந்தை அரசியல் என்றார். புத்தகத்தில் மும்பை மாநகராட்சிக்கு 227 வார்டு, ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல் என்று இருக்கிறது. அரசியல் சட்டமும் 74ஆவது திருத்தத்தின் வழியாக அதையே சொல்கிறது: பதவிக்காலம் முடியும் முன் தேர்தல் நடந்தாக வேண்டும். ஆனால் 2017இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை. அதற்குப்பின் மூன்றாண்டுகளுக்கும் மேலாக ஆணையரே நிர்வாகியாக இருந்து மாநகராட்சியை நடத்தினார். இட ஒதுக்கீடு பற்றிய வழக்கு, வார்டுகள் 227ஆ 236ஆ என்ற இழுபறி என்று காரணங்கள் உண்டு. "அப்படியானால் புத்தகம் பொய்யா, டீச்சர்?" என்று கேட்டார்கள். புத்தகம் சட்டத்தைச் சொல்கிறது, தெருவில் நடப்பதை நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும் என்றேன். இது அரசியல் என்றால், ஆமாம், அரசியல்தான். இந்தப் பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டுகளில் ஓட்டு வரப்போகிறது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது 61ஆவது திருத்தம், 1989 மக்களவைத் தேர்தலில் பதினெட்டு வயதுக்காரர்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள். பத்தாம் வகுப்போடு பலர் பட்டறைக்கும் கடைக்கும் போய்விடுகிறார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததுதான். பிறகு இவர்களுக்கு இதை யார் சொல்லித்தரப் போகிறார்கள்?

வகுப்புக்குக் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. எந்தக் கட்சியையும் புகழவோ திட்டவோ கூடாது. வேட்பாளர்களைப் பேட்டி எடுக்கக் கூடாது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் வாரங்களில் பதிவே கிடையாது. எந்தப் பதிவும் இணையத்தில் ஏறாது, பள்ளிக் கணினியில் மட்டுமே இருக்கும்.

இன்னொரு கட்டுப்பாடு. இதை நானே தாமதமாகத்தான் உணர்ந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் தாத்தா பாட்டியிடம் "எப்போது மும்பைக்கு வந்தீர்கள்?" என்று கேட்டுப் பதிவு செய்து வரும்படி முதலில் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். நல்ல கேள்வி என்று நினைத்தேன். மறுநாளே இரண்டு அம்மாக்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் கவலை நியாயமானது. குடிசைகளை இடித்து வீடு கட்டித்தரும் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1 என்ற தேதி ஒவ்வொரு வீட்டின் தலைக்கு மேலும் தொங்குகிறது. அதற்கு முன்பிருந்தே இருக்கிறோம் என்று தாள் காட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு, பின்னால் வந்தவர்களுக்கு வேறு கணக்கு. பாட்டி நினைவுப் பிசகாக ஒரு ஆண்டைச் சொல்லி, அது எங்கோ போய்ச் சேர்ந்தால்? அந்தக் கேள்வியை அன்றே நீக்கிவிட்டேன். பாட்டி தாதர் ஸ்டேஷனில் இறங்கியபோது கையில் என்ன வைத்திருந்தார், முதல் இரவு எங்கே படுத்தார், யார் சோறு போட்டார் என்று கேட்கலாம். எந்த ஆண்டு என்று கேட்க வேண்டாம். ரேஷன் கார்டு, வீட்டுத் தாள், வாடகை பற்றியும் வேண்டாம்.

வாக்காளர் பட்டியலுக்கும் இதே விதி. ஒரு மாணவி தன் அப்பாவிடம் "உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது?" என்று கேட்க, அவர் மிகுந்த பெருமையோடு "இங்கேயும் இருக்கிறது, திருநெல்வேலியிலும் இருக்கிறது" என்று பதிவிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பகுதியை நானே அழித்தேன். ஐயா, நீங்கள் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஊரில் மட்டும் பெயர் இருந்து இங்கே குடியிருக்கிறவர்கள் படிவம் 8 நிரப்பி அதை இங்கே மாற்றிக்கொள்ளலாம். படிவத்தை நிரப்ப வகுப்பில் ஆறேழு பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். காசு வாங்க மாட்டார்கள், மிட்டாய் கேட்பார்கள்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பதிவுகளையும் பள்ளிக் கூடத்தில் ஒலிக்கவிடுகிறோம். முதல் குழு தன் சுற்றுலாப் பதிவைத் திருத்திக்கொண்டிருக்கிறது. 'இதயத் துடிப்பு' போய்விட்டது, கழிவறை வரிசை வந்திருக்கிறது, அதிலும் யாரோ ஒருவர் பாட்டு முணுமுணுக்கும் சத்தம் கிடைத்திருக்கிறது. வரிசையையும் வைத்துக்கொண்டு ஒரு ஊருக்கு ஆளை அழைக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். முடியும் என்று ஒரு பாதி, முடியாது என்று மறு பாதி. நீங்கள் வந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கோபத்தோடு வந்த அந்தத் தந்தை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இத்துடன் ஒரு அனுமதிச் சீட்டு இருக்கிறது. உங்கள் பிள்ளையின் குரலைப் பதிவு செய்யச் சம்மதமா, இல்லையா என்று குறித்துப் புதன்கிழமைக்குள் அனுப்புங்கள். சம்மதமில்லை என்றால் அந்தப் பிள்ளை கேள்வி எழுதும், பதிவைத் தொகுக்கும், மதிப்பெண் குறையாது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தால் போதும். பிள்ளைகளே உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொண்டுவந்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை