மீனாவுக்கு, ஷெர்லி டீச்சரைப் பற்றி

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. போனில் பேசலாம் என்றால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

போன ஞாயிறு வீடியோவில் உன் பின்னால் ஃபிரிட்ஜ் கதவில் ஏதோ ஒரு படிவம் தொங்கியது. கேட்டதற்கு, "ஸ்கூல் போர்டு எலெக்‌ஷன் படிவம்மா, இந்த ஊர்ப் பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்கு. நிற்கலாமா என்று யோசனை. எல்லாரும் இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும் என்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். அந்த ரெண்டு வருஷக் கணக்கு யார் போட்டது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நான் அங்கே அமெரிக்காவில் உன்னோடு இருந்தபோது தாரிணியின் ப்ராஜெக்ட்டுக்காக லைப்ரரியில் ஒரு புத்தகம் எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பெயரை நான் எழுத்துக்கூட்டி 'சிஷோல்ம்' என்று படிக்க, "சிஸம், பாட்டி" என்று அவள் திருத்தினாள். ஷெர்லி சிஸம். தாரிணி படத்தை ஒட்டி வேலையை முடித்துவிட்டாள், நான்தான் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. அரசியலுக்கு வருமுன் அந்த அம்மாள் என்னைப் போலவே சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். புரூக்ளினில் பிறந்து, சிறுவயதில் சில வருஷம் பார்படோஸில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். அவருடைய அம்மா துணி தைத்தும், அடுத்தவர் வீட்டில் வேலை செய்தும் பிள்ளைகளை ஆளாக்கினார்.

1968இல் அவர் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, நின்றபோது எதிரே நின்றவர் ஜேம்ஸ் ஃபார்மர். கறுப்பின மக்களின் உரிமைக்காக அடி வாங்கிச் சிறை போனவர், பேரும் புகழும் உள்ளவர். அவர் பக்கத்துப் பிரசாரம், வாஷிங்டனுக்கு ஓர் ஆண் குரல் வேண்டும் என்பது. நடுவில் ஷெர்லிக்குக் கட்டி ஆபரேஷன் வேறு. உடம்பு இளைத்து உடை நிற்காமல் போகவே, இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி தெருவில் இறங்கிவிட்டார். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் சந்து சந்தாகப் போனார். வாக்காளர் பட்டியலில் பெண்கள்தான் அதிகம் என்று கண்டுபிடித்து அவர்களிடமே போய்ப் பேசினார். ஜெயித்ததும் பெரிய வித்தியாசத்தில்தான். அமெரிக்கக் காங்கிரஸில் முதல் கறுப்பினப் பெண்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. புது உறுப்பினர் என்று அவரை விவசாயக் கமிட்டியில், அதிலும் காடும் கிராமமும் பார்க்கும் பிரிவில் போட்டார்கள். புரூக்ளினில் ஏது காடு? சபாநாயகரிடம் போய்க் கேட்டார். நல்ல சிப்பாய் மாதிரி கொடுத்ததை ஏற்றுக்கொள் என்று பதில் வந்தது. இவர் விடவில்லை. கட்சிக் கூட்டத்தில் பேச எழுந்து எழுந்து பார்த்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. நேரே மண்டபத்துக்குள் மேடைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். கடைசியில் முன்னாள் படைவீரர்களுக்கான கமிட்டிக்கு மாற்றினார்கள். என் தொகுதியில் மரங்களைவிடப் படைவீரர்கள் அதிகம் என்றாராம். சிரித்துக்கொண்டே படித்தேன். நான் வேலை பார்த்த பள்ளியில் அசெம்பிளி பொறுப்பு ஆண் ஆசிரியருக்கு, பூங்கொத்து கொடுப்பது டீச்சருக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். முப்பது வருஷம் நான் பூங்கொத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

1972இல் தன் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்ற போட்டிக்கே இறங்கினார். பணம் இல்லை. கறுப்பின ஆண் தலைவர்கள் பலர் பின்னால் வரவில்லை, பெண்கள் அமைப்புகளும் முழு மனதாக வரவில்லை. கறுப்பர் என்பதைவிடப் பெண் என்பதால்தான் அதிகம் அடிபட்டேன் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் கிடைத்தது ஏறக்குறைய 152 ஓட்டு. அதே போட்டியில் நின்ற ஜார்ஜ் வாலஸ், தெற்கே அலபாமாவின் கவர்னர், நிறவெறிக்குப் பேர்போனவர், சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் போய்ப் பார்த்தார். சொந்தத் தொகுதியிலேயே திட்டினார்கள். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன், உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் இரண்டு வருஷம் கழித்து வீட்டு வேலைக்காரர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் வந்தபோது, தெற்கத்தி உறுப்பினர்களின் ஓட்டை வாங்க அந்த வாலஸே உதவினாராம். தன் அம்மா பார்த்த வேலைக்குக் கூலி வாங்கிக் கொடுத்திருக்கிறார் பார்.

இதற்கெல்லாம் முன்னால் ஜெனட் ராங்கின் என்று ஒருவர். 1916இலேயே மொன்டானா மாநிலத்திலிருந்து காங்கிரஸுக்கு ஜெயித்தார். நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டு வந்ததே 1920இல்தான்! 1941இல் ஜப்பானோடு போர் வேண்டுமா என்ற ஓட்டெடுப்பில் 388 பேர் ஒரு பக்கம், இவர் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம். கூட்டத்துக்குப் பயந்து ஒரு டெலிபோன் பூத்துக்குள் போய் நிற்க வேண்டியதாயிற்று. அவர் ஓட்டு சரியா என்று எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் சண்டை.

நம் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்காகக் கோலம் போட்டு வெடி வெடித்தார்களே, அந்தக் கமலா 2019இல் போட்டியில் இறங்கியபோது ஷெர்லியின் பழைய சுவரொட்டியில் இருந்த மஞ்சளையும் சிவப்பையும்தான் தன் சின்னத்தில் வைத்தார். தாரிணி ஒட்டிய படத்தில்கூட அதே நிறம்தான்.

நில் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப் போவதில்லை. சம்பளமில்லாத வேலை, சாயங்காலக் கூட்டம், மாப்பிள்ளைதான் அன்றைக்குச் சமைக்க வேண்டியிருக்கும். அவரிடம் முதலிலேயே பேசிவிடு. சாம்பார்ப் பொடியும் வடகமும் பார்சலில் வருகிறது.

அந்தப் படிவத்துக்குக் கடைசித் தேதி என்றைக்கு? அதை எழுது.

அன்புடன்,
அம்மா