கைலித் துணித் தலையணைக்கு நன்றி

அன்புடையீர்,

என் உடல்நிலையை இத்தனை மாதங்களாக விசாரித்து வந்த உங்களுக்கு நடந்தவை தெரியும் என்பதால், அவற்றை மீண்டும் விவரிக்கவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் நல்லபடியாக முடிந்து, தினம் ஒரு தமாக்சிஃபென் மாத்திரையோடு வீட்டில் இருக்கிறேன். மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான் ஆண் என்றாலும், அவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனால் தூண்டப்பட்டே வளர்வதால், அத்தூண்டுதலைத் தடுக்கப் பெண்களுக்குத் தரும் அதே மாத்திரைதான் எனக்கும். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "வீட்ல அம்மாவுக்கா சார்?" என்று கேட்பது பழகிவிட்டது.

மார்பகப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில், துணைக்கு வந்தவன் என்றெண்ணி என்னை வெளியே நிற்கச் சொன்ன காவலாளியிடம், "அவரும் எங்களாட்டம் வைத்தியத்துக்கு வந்தவர்தாம்ப்பா" என்று சொல்லி, பக்கத்து இருக்கையிலிருந்த தம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்த அக்காவுக்குத்தான் இம்மடலின் பெரும்பகுதி உரியது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு முன்பே அதே அறுவையைக் கடந்தவர். மறுபரிசோதனைக்கு வரும்போதெல்லாம், அக்குளில் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவர்களுக்காக இலவம் பஞ்சு அடைத்த சிறு தலையணைகளைப் பழைய புடவைத் துணியில் தைத்து எடுத்து வருவார். கைக்கும் விலாவுக்கும் நடுவே அதை வைத்துக்கொண்டால், பேருந்து பள்ளத்தில் இறங்கும்போது புண்ணில் கை உரசாது. எனக்கு மட்டும் நீலக் கட்டம் போட்ட கைலித் துணியில் தைத்திருந்தார். "பூப்போட்டதைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஊர்ல போய் இறங்கக் கூச்சமா இருக்கும்ல தம்பி" என்றார். கூச்சப்படாதீர்கள் என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். கூச்சம் இருக்கத்தான் செய்யும் என்று ஒத்துக்கொண்டு அதற்கேற்பத் துணி தேடியவர் அவர் ஒருவரே. கைக்கான பயிற்சியாக, சுவரில் விரல்களை மெல்ல ஏற்றி, எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு கிழித்து, மறுநாள் அதைத் தாண்ட முயல்வதையும் அவர்தான் பழக்கினார்.

அறுவை மருத்துவர், செவிலியர், கதிர்வீச்சுப் பிரிவினர், இரத்தம் கொடுத்த அலுவலக நண்பர்கள், கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டார், இரவெல்லாம் விழித்திருந்த என் மனைவி ஆகிய அனைவருக்கும் என் வணக்கம்.

ஆணுக்கும் முலைக்காம்பின் பின்னே சிறிதளவு மார்பகத் திசு உண்டு. அங்கே வலியில்லாத கட்டியோ, காம்பு உள்ளிழுப்போ, கசிவோ கண்டு, பெண்கள் அமர்ந்திருக்கும் அந்தக் கூடத்துக்குத் தனியே போகத் தயங்கும் எந்த ஆணும் என்னை அழைக்கலாம். உடன் வந்து அமர்வேன்.

எனக்குப் பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவில், இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் இருப்பது உறுதியாகியுள்ளது. பெற்றோரில் எவரிடமிருந்தும், மகன் மகள் என்ற வேறுபாடின்றி, இது 50 சதவீத வாய்ப்போடு பிள்ளைகளுக்கு வரக்கூடியது. ஆகவே என் உடன்பிறந்தோருக்கும் இருக்கக்கூடும். என் மகள் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டாள், மகன் அடுத்த வாரம் கொடுக்கிறான். தம்பிகளே, தங்கையே, அடுத்து நீங்கள்தான், செலவு என்னுடையது.