இலகு ரயில்: கட்டாமல் விட்டதற்கும் செலவு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாலபேயிலிருந்து கொழும்பு கோட்டை வரையான இலகு ரயிலைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், 2020 செப்டெம்பரில் அத்திட்டத்தைக் கைவிடுவதற்குச் சொல்லப்பட்ட அதே காரணம், அதாவது செலவு அதிகம் என்பது, மறுபடியும் முன்வைக்கப்படுகிறது. 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள், தூண்களின் மேல் ஓடும் பாதை, ஏறத்தாழ 150 கோடி டொலர் எனும்போது தொகை பெரியதுதான். ஆனால் கட்டாமல் விட்டதற்கு நாம் கொடுத்துவரும் விலையை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

மாலபேயிலிருந்து பொரளைக்கு 190ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குச் செல்பவன் நான். மிதிபலகையில் தொங்குபவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டால், பத்தரமுல்லை வருவதற்குள் கால் மரத்துப்போகும். 2018இல் இராஜகிரிய மேம்பாலம் திறக்கப்பட்டபோது விடிவு வந்ததென்று மகிழ்ந்தோம். நெரிசல் பொரளைப் பக்கம் சற்று நகர்ந்ததுதான் மிச்சம். இடமாற்ற விடயமாகப் பத்தரமுல்லையில் கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவுக்கு வரும் மலையக ஆசிரியர், கோட்டையில் இறங்கிய பிறகு இதே வரிசையில்தான் காத்துக் கிடக்கிறார்.

2019 மார்ச்சில் ஜப்பானுடன் கைச்சாத்தான முதற்கட்டக் கடன் 3,004 கோடி யென், வட்டி 0.1 வீதம், 12 வருடச் சலுகைக் காலத்துடன் 40 வருடங்களில் மீளச் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. அப்படியொரு கடன் இனி எளிதில் வாய்க்காது. எனினும் கடன் யென்னில், பயணக் கட்டணம் ரூபாயில் என்பதை ஆதரவாளர்கள் மறந்துவிடுகிறார்கள். 2022இல் இரண்டே மாதங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டதைப் பார்த்த பிறகு, வட்டி குறைவு என்பதை மட்டும் காட்டி ஆறுதல் அடைய முடியாது. மின்சாரத்துக்கும் பராமரிப்புக்கும் கட்டண வருமானம் போதாவிட்டால், அந்தக் குறையைத் திறைசேரிதான் ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தும், ரயில் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் தூண் நடுவதற்கு முன்பே, 190, 177 போன்ற பஸ்கள் அதே வீதியில் ரயிலோடு போட்டியிடாமல், நிலையங்களுக்கு ஆள் சேர்க்கும் குறுக்குத் தடங்களில் ஓடுவதற்கும், ஒரே பயண அட்டை இரண்டிலும் செல்லுபடியாவதற்கும், தனியார் பஸ் உரிமையாளர்களுடன் எழுத்தில் உடன்பாடு காண வேண்டும். அந்த உடன்பாட்டையும், திட்டத்தைக் கைவிட்டதால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பின் விபரத்தையும் போக்குவரத்து அமைச்சு பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாலபே வாசகர் ஒருவர்