பாலத்தைத் தவிர்க்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பிறையிலிருந்து பினாங்குப் பாலத்தின் வழியே நேராகத் தீவிலுள்ள பாயான் லெப்பாசுக்குப் போகக்கூடிய நீ, விபத்தில் உடைந்த கால் எலும்பு கூடி வேலைக்குத் திரும்பிய நாள்முதல் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, ஜார்ஜ் டவுனில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் தெற்கே போகிறாய் என்று கேள்விப்பட்டேன். காரணத்தை எனக்கு நீ விளக்க வேண்டியதில்லை. என் விபத்துக்குப் பிறகு ஒருநாள், ஒட்டுக்கடையில் அமர்ந்திருந்தபோது பக்கத்தில் நின்ற லோரியின் பிரேக் 'புஸ்' என்றது. கையிலிருந்த தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) விரல்களில் கொட்டியது கூட எனக்குச் சற்று நேரம் கழித்தே சுட்டது.

அம்மா என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். உறவினர் சிலர் சிரித்தனர், நான் சிரிக்கமாட்டேன். பயத்துக்கும் வைத்தியம் வேண்டும் என்று எங்கள் வீட்டில் முதலில் ஒப்புக்கொண்டவர் அவர்தாம். கயிற்றோடு நிறுத்திக்கொண்டதுதான் எங்கள் பிழை.

கெட்ட கனவும், உறக்கக் குறைவும், சிறு ஓசைக்குத் திடுக்கிடுவதும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் கெடுத்தால், மருத்துவரிடம் போக வேண்டும். உனக்கு ஐந்து மாதமாகிறது. அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள்; தாங்க முடியாமல் போனால் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண் இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்து என்பதால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் உன் கோப்பு இருக்கும்; உடைந்த காலைப் பற்றி மட்டும் பேசாமல், உறக்கமின்மையையும் மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்.

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நடந்ததை விவரிக்கும் கடமை உனக்கில்லை. 'ஆம்பளப் பிள்ளை, நாளைக்கே மோட்டாரை எடு' என்பவர்களின் பேச்சையும் கேட்காதே. ஆனால் தவிர்க்கும் ஒவ்வொரு நாளும், 'போகாததால்தான் பிழைத்தோம்' என்றே மனம் நம்பிக்கொள்கிறது. அதனால்தான் பயம் குறையாமல் நிற்கிறது. எனக்குச் சிகிச்சையளித்தவர் முதலில் சாலையோரத்தில் நின்று லோரிகளைப் பார்க்க மட்டும் சொன்னார். அதற்கே மூன்று வாரம் ஆனது.

உன் மருத்துவரும் சரி என்றால், ஞாயிறு விடியற்காலையில் என் காரில் போவோம். நீ ஓட்ட வேண்டாம். 13.5 கிலோமீட்டர் பாலத்தில் நடுவழியில் திரும்ப இடமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆகவே முதல் வாரம் டோல் சாவடிக்கு முன்பே ஓரிடத்தில் நிறுத்தி, உன் நெஞ்சுப் படபடப்பு தணியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

அன்புடன்,
அண்ணன்